நட்சத்திரங்களிடையே ஒரு நேர்கோடு

ஹைதராபாத் நகரத்தின் பேகம்பேட்டைப் பகுதியில், ஓயாத வாகன இரைச்சலிலிருந்து சற்றே ஒதுங்கியிருக்கும் ஒரு வளாகத்திற்குள் நுழைபவர்கள், பயனற்றுப் பழுதுபட்டு நிற்கும் வானாராய்ச்சி மாடங்களையும், அவற்றின் அருகிலேயே பொருளாதார சமூக ஆய்வு மையத்தின் கட்டடங்களையும் ஒருங்கே காணலாம். முன்னது ஒரு காலத்தில் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்த நிஜாமியா வானாராய்ச்சிக் கூடம். பின்னது 1980-ல் தோன்றி, விளைச்சல், கூலி, கல்வி, வறுமை முதலிய மண்ணுலக விவகாரங்களைக் கணக்கெடுத்து வரும் நிறுவனம். வானத்தை நோக்கிய சாஸ்திரத்திற்கும் வயலை நோக்கிய சாஸ்திரத்திற்கும் ஒரே வளாகம் வாய்த்தது தற்செயலே எனினும், இரண்டுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு என்பது தற்செயலன்று. சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோட்டை இழுத்து, அறிந்ததைக் கொண்டு அறியாததை அனுமானிக்கும் அந்தக் கருவியையே புள்ளியியல் நூல்கள் எளிய நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு என்று வழங்குகின்றன.

கல்லூரியில் புள்ளியியல் பயிலும் மாணாக்கர் அனைவரும் முதலாண்டிலேயே இதைச் சந்திக்கிறார்கள். சூத்திரத்தை மனனம் செய்கிறார்கள். இரண்டு எண்களைக் கணக்கிட்டு விடை எழுதுகிறார்கள். ஆனால் அக்கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்னும் கேள்விகள் பெரும்பாலும் பரீட்சைத் தாளோடு மறைந்து விடுகின்றன. அக்கேள்விகளுக்கு விடை தேட, இந்த ஹைதராபாத் வளாகத்தோடு சம்பந்தமுடைய ஒரு மேதையின் பெயரைத் தாங்கி நிற்கும் நேர்கோடு ஒன்றைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

நவாப் ஜாபர் ஜங் என்னும் ஹைதராபாத்துப் பிரபு, வானநூலில் கொண்ட ஈடுபாட்டினால் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தருவித்து, 1901-ல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்தை, அவர் மறைவுக்குப் பின் 1908-ல் நிஜாம் அரசாங்கம் ஏற்று நடத்தியது. வானம் முழுவதையும் புகைப்படத் தகடுகளில் பதித்து, நட்சத்திரங்களின் இருப்பிடங்களைப் பட்டியலிடுவது என்று 1887-ல் பாரிஸ் மாநகரில் கூடிய சர்வதேச மகாநாடு தீர்மானித்திருந்தது. அந்தப் பெரும் பணியில், வானத்தின் தென்பகுதியில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள மண்டலம் ஹைதராபாத்தின் பங்காக வந்து சேர்ந்தது. கண்ணாடித் தகட்டில் கரும்புள்ளியாய்ப் பதிந்த ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து அளப்பது ஒரு வேலை. தகட்டில் அளந்த தூரத்தை வானத்தின் நிலையாக மாற்றுவது மற்றொரு வேலை. தகடு சிறிது சுழன்றிருக்கலாம், மையம் சற்றே விலகியிருக்கலாம், அளவுகோல் நுண்ணளவில் மாறியிருக்கலாம். ஆகவே முன்பே இருப்பிடம் தெரிந்த சில நட்சத்திரங்களைச் சாட்சியாக வைத்து, தகட்டு அளவையும் வான நிலையையும் இணைக்கும் நேர்கோட்டுச் சமன்பாட்டின் மாறிலிகளை நிர்ணயித்த பின்னரே ஏனையவற்றைக் கணக்கிட இயலும். ஆக்ஸ்போர்டு வானநூலார் எச்.எச். டர்னர் இம்மாற்றத்தை எளிய நேர்கோட்டு வடிவில் அமைத்துக் கொடுத்தார். தெரிந்த சிலவற்றிலிருந்து ஒரு கோட்டைக் கண்டு, அக்கோட்டைக் கொண்டு தெரியாத பலவற்றை அறிவது என்னும் வித்தை இங்ஙனம் ஹைதராபாத்தில் நாள்தோறும் நடைபெறும் அப்பியாசமாயிற்று.

அக்கூடத்தில் பணியாற்றிய வானநூலார் ஒருவரின் மகனாக, 1927 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்து, நிஜாம் கல்லூரியில் பயின்றவர் மணலி கல்லாட் வைணு பாப்பு. அவர் 1949-ல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே, ஜூலை 2-ஆம் நாள் எடுத்த தகடொன்றில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயரோடு போக், நியூகர்க் என்னும் இருவர் பெயரையும் தாங்கியது. 1952-ல் முனைவர் பட்டம் பெற்றபின், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமர் ஆராய்ச்சிக் கூடங்களில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அங்கே ஓலின் வில்சன் என்பாரோடு சேர்ந்து அவர் ஆராய்ந்த விஷயமே நமது நேர்கோட்டின் மூலம்.

அந்த ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள அதிகக் கல்வி தேவையில்லை. நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் கால்சியத்திற்குரிய அகன்ற கருங்கோடு ஒன்று ஊதா நிறத்தின் ஓரத்தில் தென்படும். அதனைக் ‘கே’ கோடு என்பர். சூரியனைப் போன்றும் அதனினும் குளிர்ந்தும் உள்ள நட்சத்திரங்களில், அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று எழுந்து நிற்கும். மங்கலான சிறு நட்சத்திரங்களில் அக்கீற்று ஒடுங்கியும், பேரொளி வீசும் இராட்சத நட்சத்திரங்களில் அகன்றும் இருப்பதை இருவரும் 185 நட்சத்திரங்களில் அளந்து கண்டு, 1957-ல் வெளியிட்டனர். கீற்றின் அகலத்தை மடக்கையாக்கிக் கிடையச்சிலும், நட்சத்திரத்தின் நிஜப் பிரகாச எண்ணை நிலையச்சிலும் குறித்தபோது, புள்ளிகள் ஒரு நேர்கோட்டைச் சுற்றி அணிவகுத்தன. பிரகாச எண் 15 படிகள் மாறும் வரையில், அதாவது பிரகாசம் பத்து லட்சம் மடங்கு மாறும் வரையில், அந்த அணிவகுப்பு குலையவில்லை. வானநூலார் இதனை வில்சன்-பாப்பு விளைவு என்று அழைக்கின்றனர்.

இங்கே சிறிது நின்று கோட்டின் இலக்கணத்தைக் கவனிப்போம். நூறு புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அவற்றிடையே கண்ணளவில் இழுக்கக்கூடிய கோடுகளுக்குக் கணக்கில்லை. என் கோடு வேறு, உங்கள் கோடு வேறாகும். இந்த வழக்கைத் தீர்க்கும் யுக்தியைப் பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர், வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிப்பது பற்றி 1805-ல் எழுதிய நூலின் பிற்சேர்க்கையில் வெளியிட்டார். ஜெர்மானிய கணித மேதை காஸ் 1809-ல் அதற்கு நிகழ்தகவின் அடிப்படையைக் கொடுத்து, தாம் அம்முறையை முன்பே கையாண்டு வந்ததாக உரிமையும் கொண்டாடினார். யுக்தி இதுதான்: ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலோ கீழோ எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நிலைக்குத்தாக அளந்து, அவ்விலகலை அதனாலேயே பெருக்கி, அப்பெருக்குத் தொகைகள் யாவற்றையும் கூட்ட வேண்டும், அக்கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதுவே நமக்குரிய கோடு. ஆகவேதான் இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். இம்முறையில் கிடைத்த கோடு, எல்லாப் புள்ளிகளின் சராசரிப் புள்ளி வழியாகத் தவறாமல் செல்லும். அதற்கு மேலுள்ள விலகல்களும் கீழுள்ள விலகல்களும் ஒன்றையொன்று ஈடு செய்து பூஜ்யமாகும்.

கோட்டின் பெயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த மக்களின் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேயர், சராசரியை விட மூன்று அங்குலம் உயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த மக்கள், பொதுவாக இரண்டு அங்குலமே உயர்ந்து நிற்பதைக் கண்டு, சராசரியை நோக்கிய ‘பின்வாங்கல்’ என்று 1886-ல் அதற்குப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பின்வாங்கலின் பெயரே எல்லாக் கோடுகளுக்கும் நிலைத்துவிட்டது. பழைய நிகழ்ச்சியைச் சுமக்காமல், செய்யும் தொழிலையே சுட்டும் ‘தொடர்புப் போக்கு’ என்னும் தமிழ்ப் பெயர் இவ்விஷயத்தில் மூலத்தை விடத் தெளிவுடையது என்று சொல்லலாம்.

மீண்டும் நட்சத்திரங்களிடம் வருவோம். 1959-ல் வில்சன் நிர்ணயித்த கோடு பின்வருமாறு: நிஜப் பிரகாச எண் = 27.59 − 14.94 × (அகலத்தின் மடக்கை). அகலம் என்பது விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் வேகக் கணக்கில் சொல்லப்படுவது. 27.59 வெட்டுத்துண்டு, −14.94 சாய்வு. பிரகாச எண் குறையக் குறைய நட்சத்திரம் ஒளிமிக்கது என்பது வானநூலாரின் பழைய மரபாகையால் சாய்வு எதிர்மறையாயிற்று. சாய்வின் பொருளை எண்ணால் உணர்வது நல்லது. கீற்றின் அகலம் இரண்டு மடங்கானால், அதன் மடக்கை 0.301 கூடும், பிரகாச எண் 14.94-ஐ 0.301-ஆல் பெருக்கிய அளவு, ஏறத்தாழ 4.5, குறையும்; ஐந்து படிகள் நூறு மடங்கு ஒளிக்குச் சமமாகையால், 4.5 படிகள் சுமார் 63 மடங்கு. இரண்டை ஆறு முறை பெருக்கினால் வருவது 64. ஆகவே, பிரகாசத்தின் ஆறாம் மூலத்திற்கு ஏற்ப அகலம் வளர்கிறது என்னும் அழகிய விதி, −14.94 என்ற வறண்ட எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மடக்கை எடுக்காமல் நேரே குறித்திருந்தால் புள்ளிகள் வளைந்து சென்றிருக்கும். நேர்கோடு இயற்கை எழுதி வைத்ததன்று, தக்க அளவுகோலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது காட்டிய முகம்.

இந்த விதியின் பிரயோஜனம் வெளிப்படை. ஒரு நட்சத்திரம் நமக்கு எவ்வளவு ஒளியுடன் தோன்றுகிறது என்பதை எளிதில் அளக்கலாம். அதன் உண்மையான பிரகாசம் தெரிந்தால், இரண்டின் வித்தியாசத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். உதாரணமாக, அகலம் விநாடிக்கு 100 கிலோமீட்டர் என்றால் மடக்கை 2. பிரகாச எண் 27.59 − 29.88, அதாவது −2.29. தொடமுடியாத தொலைவிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தை, அதன் ஒளியில் எழுந்த ஒரு கீற்றின் அகலமே சொல்லிவிடுகிறது.

ஆனால் கோட்டின் மேன்மையைப் பேசியவுடன் அதன் பலவீனத்தையும் பேசுவதே நேர்மை. வில்சன் தம் கோட்டை நிலைநிறுத்த, தூரம் நிச்சயமாய்த் தெரிந்த சாட்சிகளைத் தேடினார். அவருக்குக் கிடைத்தவை ஒரு முனையில் நம் சூரியனும், மறுமுனையில் ரிஷப ராசியிலுள்ள ஹையடிஸ் கூட்டத்தின் நான்கு இராட்சத நட்சத்திரங்களும் ஆம். சூரியனுக்கு அகலம் சுமார் 34 கிலோமீட்டர். அந்நால்வருக்குச் சுமார் 63. கோட்டின் சாய்வை நிர்ணயிப்பதில் எல்லாப் புள்ளிகளுக்கும் சம வாக்குரிமை இல்லை. சராசரியிலிருந்து கிடையாக எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒரு புள்ளியின் வாக்கு வலிமை பெறும். ஏற்றக்கோலின் நுனியில் தொங்கும் சிறு பாரமும் அடிமரத்தை அசைத்துவிடுவது போல, ஓரத்திலுள்ள புள்ளி கோட்டையே திருப்பிவிட வல்லது. இங்கே சூரியன் தனியாக ஒரு முனையைப் பிடித்திருந்தது.

மறுமுனையைப் பிடித்திருந்த ஹையடிஸ் கூட்டம் அக்காலத்தில் ஏறத்தாழ 40 பார்செக் (வானநூலாரின் தூர அலகு) தூரத்தில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. 1989-ல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் 1997-ல் வெளிவந்தபோது, அத்தூரம் 46 பார்செக்கையும் சற்றே கடந்தது தெரிந்தது. தூரம் கூடினால், அதே தோற்றத்திற்கு அதிக நிஜ ஒளி வேண்டும்; ஆகவே அந்நான்கு நட்சத்திரங்களின் பிரகாச எண்ணும் சுமார் 0.3 படி குறைந்தது. சூரியன் அசையாமல் இருக்க, மறுமுனை மட்டும் 0.3 நகர்ந்தால், சாய்வு சுமார் 7 நூற்றுக்கூறு செங்குத்தாகி, 15-க்குச் சற்றுக் குறைவாயிருந்தது 16-க்கு அருகில் வந்துவிடும். 1999-ல் வாலர்ஸ்டைனும் அவர்தம் துணைவரும் ஹிப்பார்க்கோஸ் தூரங்களைக் கொண்டு பல நட்சத்திரங்களிலிருந்து பெற்ற சாய்வு 15.82. இவ்விரண்டின் நெருக்கத்திற்கு இது ஒன்றே காரணம் என்று நான் வாதிக்க மாட்டேன். ஆனால் கோடு எங்கிருந்து பலம் பெற்றதோ அங்கிருந்தே அதன் பிழையும் புகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வெட்டுத்துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-ல் பாச்சே, பாஸ்குவினி, ஓர்த்தோலானி ஆகிய மூவரும், சூரியனுக்கு அண்மையிலுள்ள 119 நட்சத்திரங்களைப் புதிய கருவிகளால் அளந்து, 33.2 − 18.0 × (மடக்கை) என்னும் கோட்டைத் தந்தனர். 27.59 எங்கே, 33.2 எங்கே? ஐந்து படிகளுக்கும் மேற்பட்ட இவ்வித்தியாசம், நூறு மடங்குக்கும் அதிகமான ஒளி வேற்றுமையல்லவா என்று திகைக்கத் தோன்றும். ஆயினும் அகலம் 68 கிலோமீட்டராக உள்ள ஒரு நட்சத்திரத்திற்கு இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே விடையையே, சுமார் 0.2 என்றே, கூறுகின்றன. வெட்டுத்துண்டு என்பது மடக்கை பூஜ்யமாகும் இடத்தில், அதாவது கீற்றின் அகலம் விநாடிக்கு ஒரே ஒரு கிலோமீட்டராகும் இடத்தில், கோடு எட்டும் உயரம். அங்கே நட்சத்திரமே இல்லை. புள்ளிகள் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் கோடுகள் ஒத்துப்போகும்; சாய்வில் உள்ள சிறு வேற்றுமை, தூரம் செல்லச் செல்லப் பூதாகாரமாகும். அகலம் 150 என்னும் ஓரத்திலேயே இரண்டு கோடுகளும் ஒரு படிக்கு மேல் பிரிந்துவிடுகின்றன. அகலத்தை அளந்த முறையிலும் இரு சாராரிடையே வேற்றுமை உண்டு என்பதை மறக்கலாகாது. ஆகவே வெட்டுத்துண்டைத் தனியே எடுத்து அதற்கொரு பொருள் கற்பிப்பதும், புள்ளிகள் முடிந்த இடத்திற்கு அப்பால் கோட்டை நீட்டி ஆரூடம் சொல்வதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

இனி, கோட்டின் மேலும் கீழும் சிதறி நிற்கும் எச்சங்கள். அம்மூவரின் ஆய்வில் நட்சத்திரங்கள் கோட்டிலிருந்து விலகும் திட்ட அளவு 0.6 படி. இதனைத் தூரமாக மாற்றினால், ஒற்றை நட்சத்திரத்தின் தூரக் கணிப்பில் ஏறத்தாழ 30 நூற்றுக்கூறு தவறு நேரலாம். தனியொரு நட்சத்திரத்திற்கு இவ்விதி துல்லியமான தூரம் தராது என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். ஆனால் ஒரே தூரத்தில் கூடி வாழும் நட்சத்திரக் கூட்டத்திற்கு அது உபகாரமாகும் என்றனர். கூட்டத்தில் 25 நட்சத்திரங்களை அளந்து சராசரி எடுத்தால், 0.6 என்னும் சிதறல் ஐந்தில் ஒன்றாகி 0.12-ஆகச் சுருங்கும், தூரத்தில் தவறு 6 நூற்றுக்கூற்றுக்குள் வந்துவிடும். கோட்டிற்கே உரிய பிழை மட்டும் எத்தனை பேரைக் கூட்டினாலும் கரையாது. தொடர்புப் போக்குக் கோடு தனிமனிதனின் ஜாதகமன்று. ஒத்த அளவுடையோரின் சராசரியைச் சொல்லும் வாக்கியம். இதனை அறியாதவர்கள், படிப்புக்கும் வருமானத்துக்கும் இழுத்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் ஓர் இளைஞனின் எதிர்காலத்தைத் தீர்ப்புக் கூறத் துணிகிறார்கள்.

சிதறலைக் குறைக்கும் முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நிரூபித்தவர் நம் நாட்டினர். சி.ஆர். ராவ் 1945-ல் கல்கத்தாவில் வெளியிட்ட கட்டுரையில், ஒருபக்கச் சாய்வற்ற எந்த மதிப்பீட்டு முறையாயினும், தரவுகளில் அடங்கிய செய்தியின் அளவு விதிக்கும் வரம்புக்குக் கீழே அதன் சிதறலைக் குறைக்க முடியாது என்று காட்டினார். எவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்கிட்டாலும், தரவில் இல்லாத அறிவைக் கணக்கு வரவழைக்காது என்பதே அதன் சாரம். அவர் பெயர் தாங்கிய கணித, புள்ளியியல் உயராய்வு நிறுவனம் இன்று ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கி வருகிறது.

காரணகாரியம் பற்றிய எச்சரிக்கை எஞ்சியிருக்கிறது. கீற்று அகன்றதனால் நட்சத்திரம் ஒளிர்கிறது என்று எவரும் சொல்லார். நட்சத்திரம் பருத்து, அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு விசை குன்றும்போது, ஒளியும் பெருகுகிறது, வளிமண்டலத்தின் அமைப்பு மாறிக் கீற்றும் அகல்கிறது. இரண்டும் பொதுவான ஒரு மூலத்தின் இரு பிள்ளைகள். கோடு அந்த மூலத்தைக் காட்டாது. காட்டுமாறு அதைக் கேட்பதும் முறையன்று. தவிரவும், அகலத்திலிருந்து பிரகாசத்தை அனுமானிக்க இழுத்த கோட்டைத் திருப்பிப் போட்டு, பிரகாசத்திலிருந்து அகலத்தை அனுமானிக்கப் பயன்படுத்தலாகாது. விலகல்களை நிலைக்குத்தாக அளந்தால் ஒரு கோடும், கிடையாக அளந்தால் மற்றொரு கோடும் கிடைக்கும். கேள்வி மாறினால் கோடும் மாறும்.

வைணு பாப்பு தாயகம் திரும்பி, நைனிதாலிலும் பின்னர் 1960 முதல் கொடைக்கானலிலும் பணியாற்றி, சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரில் வானாராய்ச்சி நிலையத்தை உருவாக்கினார். சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராயிருந்தபோதே 1982-ல் மறைந்தார். காவலூரில் அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் பெயர் தாங்கிய கோடோ, 14.94 என்றும் 15.82 என்றும் 18.0 என்றும் சாய்ந்து கொண்டே வந்திருக்கிறது. இந்தச் சாய்வுகளில் எதையும் அவமானமாகக் கருதியவர் எவருமிலர்; ஒவ்வொரு தடவையும் சாட்சிகள் கூடினார்கள், அளவீடு திருந்தியது, கோடு நகர்ந்தது.

பேகம்பேட்டை வளாகத்தில் இன்று விளைச்சலுக்கும் மழைக்கும், கூலிக்கும் கல்விக்கும் கோடு இழுக்கும் ஆராய்ச்சியாளர், ஜன்னலைத் திறந்தால் பழைய மாடம் கண்ணில் படக்கூடும். அவர் கணக்கில் சூரியனாக ஓர் ஓரத்தில் தனித்து நிற்கும் புள்ளி எது, நட்சத்திரமே இல்லாத இடத்தில் அவர் வெட்டுத்துண்டு நிற்கிறதா என்று அந்த மாடத்தைப் பார்த்து ஒரு முறை தம்மைக் கேட்டுக்கொண்டால், அதுவே அந்தக் கட்டடத்துக்கு அவர் செய்யும் மரியாதை.